கம்சலாக்காவின் அடுப்பும் வேலூர் விமானமும்

ஈப்போவில் மச்சானின் சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் தனசேகர் போன் செய்தான். நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. "பாய், வேலூருக்கு ஏர்போர்ட்டு வருது. நீ எப்ப வர்ற?" என்றான்.

நான் மலேசியாவுக்குப் போனதே கொரோனாவால்தான். அதற்கு முன் இருபது வருடம் நானும் தனசேகரும் வேலூரில் ஒரு சின்ன டிராவல்ஸ் நடத்தினோம். அவன் கடையில் உட்கார்ந்து டிக்கெட் போடுவான். நான் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவேன். ஊரடங்கு வந்தது. வேன்கள் ஷெட்டில் நின்றபடியே காற்று இறங்கி, கடைசியில் கைமாறிப் போயின. தனசேகர் செல்போன் கவர் விற்க ஆரம்பித்தான். நான் வாணியம்பாடி வீட்டைப் பூட்டிவிட்டு மச்சானிடம் போய்ச் சேர்ந்தேன். ஊர் ஊராகச் சுற்றியவனைக் கல்லாவில் உட்கார வைப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

ஈப்போவிலும் ஒரு குட்டி விமான நிலையம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும் குடும்பங்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து ரொட்டி சானாய் என்கிற அந்த ஊர்ப் புரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு, கேமரன் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே ஸ்ட்ராபெர்ரி தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எங்களிடமும் ஒரு மலை இருக்கிறதே, அதற்கு வழி கேட்க ஆளில்லையே என்று தோன்றும். தனசேகர் சொன்ன அன்றைக்கே மச்சானிடம் பதினைந்து நாள் விடுப்பு கேட்டேன். "வந்துருவல்ல?" என்று மட்டும் கேட்டார். நான் மழுப்பினேன்.

தனசேகருக்குத் தெரியாத இன்னொரு காரணமும் இருந்தது. மலையில் ஒரு முகத்தை நான் பார்த்தாக வேண்டும். அந்த முகத்துக்குப் பயந்து இத்தனை வருடம் ஒரு போன்கூடச் செய்யாமல் இருந்தேன்.

வேலூர் வந்த முதல் நாள் விமானத் தளத்தைப் பார்க்கப் போனோம். வேலி, வேலிக்கு அப்பால் புல், புல்லுக்கு நடுவே நீளமான தார்ப்பாதை. ஒரு மயில் அதில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. தனசேகர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொண்ணு பார்க்க வந்தவனைப்போல நின்றான். "சின்ன ப்ளேன்தான் பாய். பெங்களூர்ல காலைல ஏறுனா டிபனுக்கு இங்க எறங்கிடலாம். இங்கேந்து நம்ம வண்டி. பதினோரு மணிக்கெல்லாம் மலை மேல இருப்பான்" என்றான்.

"பெங்களூர்லேந்து பஸ்சுலயே அந்த நேரத்துக்கு வந்துரலாமே" என்றேன்.

"வந்துரலாம். ஆனா ப்ளேன்ல வந்தேன்னு சொல்ல முடியாதில்ல" என்றான். அவனுடைய வியாபார மூளை துரு ஏறாமல் அப்படியே இருந்ததில் எனக்குச் சந்தோஷம்.

பக்கத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தார். எப்போது விமானம் வரும் என்று தனசேகர் அவரிடமே விசாரித்தான். "வரும்ங்க. நான் பத்தாவது படிக்கிறப்பலேந்து வருது" என்றார் அவர். அன்று மத்தியானம் பிரியாணியும் கத்திரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். ஈப்போவில் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் சமையல்காரருக்கு அந்தக் கத்திரிக்காய் வரவே இல்லை. இலையைத் துடைத்துச் சாப்பிட்ட பிறகு தனசேகர் விஷயத்துக்கு வந்தான். தங்குவதற்கு இப்போது மலையில் இடம் இருக்கிறது, வண்டி வாடகைக்குக் கிடைக்கும், எல்லாம் சரி. "சாப்பாடுதான் பாய் மேட்டரு. பழைய கஸ்டமருங்க போன் பண்ணா மொதல்ல அந்தம்மா இருக்காங்களான்னுதான் கேக்குறாங்க. நீ போய் அவங்ககிட்ட பேசிட்டு வந்துரு."

அந்தம்மா என்றால் கம்சலாக்கா. நான் பார்க்கப் பயந்த முகமும் அதுதான்.

மறுநாள் அமிர்தி வழியாக மலைக்குப் பஸ் ஏறினேன். என் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருபது வருடம் ஏறிய பாதையில், கடைசி சீட்டில் ஒரு மூட்டை சாமைக்கும் கறிவேப்பிலைக் கட்டுக்கும் நடுவே உட்கார்ந்து போனேன். வளைவுகள் ஆரம்பித்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. வாந்தி வருகிறவர்களுக்குக் கொடுக்க எலுமிச்சம்பழம் வைத்திருக்கும் பழக்கம். எந்த வளைவில் குழந்தைகளுக்கு முகம் வெளுக்கும், எந்த வளைவில் அதுவரை சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டு வெளியே பார்ப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள் என்று தெரியாது.

பாதி மலையில் பஸ் நின்றது. கியர் விழவில்லை என்றார் டிரைவர். கண்டக்டர் இறங்கி ஒரு கல்லைப் பின் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, "மேலேந்து எறங்குற வண்டிக்காரன் வந்தா சாமான் குடுப்பான். ஒரு மணி நேரம் ஆவும். வேணுங்கிறவங்க நடங்க" என்றார். யாரும் நடக்கவில்லை. ஒரு அம்மாள் தான் கொண்டுவந்த பலாப்பழத்தை அங்கேயே அறுத்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எல்லாருக்கும் சுளை எடுத்துக் கொடுத்தார். இதே பழத்தை கேமரனில் பிளாஸ்டிக் பெட்டியில் ஆறு சுளை வைத்து விற்பதைச் சொன்னேன். "ஆறு தின்னா பசி அடங்குமா அவங்களுக்கு?" என்று கேட்டார். கண்டக்டரிடம் ஏர்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். "வரட்டும்ங்க. ப்ளேன்ல கியர் வுழுவலன்னா கல்லு எங்க குடுப்பாங்க?" என்றார்.

ஜமுனாமரத்தூர் மாறித்தான் இருந்தது. ஏரிக்குப் போகும் வழியெல்லாம் தங்கும் விடுதிப் பலகைகள். கொரோனாவுக்குப் பிறகு ஜனங்கள் வெளியே கிளம்பும் விதமே வேறாகிவிட்டது என்று விடுதிக்காரர் சொன்னார். முன்பெல்லாம் கல்யாண கோஷ்டிபோல இருபது பேர், முப்பது பேர் வருவார்கள். இப்போது காரில் நாலு பேர். சொந்தத் தண்ணீர், சொந்தக் கேஸ் அடுப்பு. பக்கத்து அறைக்காரன் இருமினால் அறை மாற்றிக் கேட்கிறார்கள். என் வேனில் முன்பின் தெரியாத பதினெட்டு பேர் ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு, இறங்கும்போது முகவரி வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் காலம் திரும்பி வராது என்று அந்த வராந்தாவில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. துக்கமாக இருந்தது.

கம்சலாக்காவின் ஊர் அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய், பிறகு கொஞ்சம் நடக்கிற தூரம். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. முப்பது வீடு இருக்கும். மலை ஜனங்களின் ஊர். முதன்முதலில் வேன் பழுதாகி அங்கே மாட்டிக்கொண்டபோது, அக்கா எங்கள் பதினைந்து பேருக்கும் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கிப் போட்டார். சாப்பிட்டவர்கள் அடுத்த வருடம் அருவியைக் கேட்கவில்லை, அந்தக் குழம்பைக் கேட்டார்கள். அன்று ஆரம்பித்ததுதான். நான் வருகிற நாளில் கோழி பிடித்துக் கட்டி வைத்துக் காத்திருப்பார். நான் போய் பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுத்தால்தான் உலை வைப்பார். வந்தவர்களில் ஐயர் வீட்டுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனிச்சட்டி. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முகத்தைப் பார்த்தே, யாருக்குக் காரம் ஆகாது என்று கண்டுபிடிப்பார்.

கடைசியாகக் கூட்டிப்போனது ஊரடங்குக்கு இரண்டு வாரம் முன்னால். திரும்பி வந்தபின் அந்தக் கோஷ்டியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். நான் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஒனக்கு எதுனா இருந்தா பாத்துக்கோக்கா" என்றேன். அக்கா அன்றைக்கே ஊரில் தானே போய்ச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் யாரும் போய்வரக் கூடாதென்று ஊர் அவர் வீட்டுப் பாதையில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டுவிட்டது. இதை ஒரு பால் வண்டி டிரைவர் என்னிடம் போனில் சொன்னார். உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். இன்றைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டேன். கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட வெட்கமாக இருந்தது. பிறகு விமானம் ஏறிவிட்டேன்.

அக்கா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது.

"யாரு, பாயா?"

"ஆமாக்கா."

"எளச்சிட்ட" என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. புளி தட்டும் சத்தத்துக்கு நடுவே நான் மலேசியா, மச்சான் கடை, தனசேகர், ஏர்போர்ட் என்று ஒப்பித்தேன்.

"ஏரோப்ளேன் இங்க எறங்குமா?"

"வேலூர்லக்கா."

"அப்ப வேலூர்லயே ஆக்கிப் போடச் சொல்லு."

நான் சிரித்து வைத்தேன். பழைய உரிமையில் "பசிக்குதுக்கா" என்றும் சொன்னேன். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. "ரோட்டுக் கடைல புரோட்டா போடுறான். போய்த் தின்னு" என்றார். இருபது வருடத்தில் அந்த வாசலிலிருந்து நான் பசியோடு திரும்பியது அன்றுதான். கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தீராதுதான். புரோட்டா இறங்கவில்லை. ராத்திரி விடுதியில் படுத்திருந்தபோது தனசேகர் போன் செய்தான், எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஊரில் நியாயம் சொல்கிற ஊர்க்கவுண்டரைப் பார்க்கப் போனேன். ஊர்க்கவுண்டர் என்றதும் மீசையும் தடியுமாக யாரையும் நினைக்க வேண்டாம். என்னைவிட இளையவர், பைக்கில் பால் ஊற்றப் போகிறவர். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, ஊருக்கு மறுபடி ஆட்கள் வந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே என்றேன்.

"கோவம்லாம் இல்ல பாய் அதுக்கு" என்றார் அவர். "முள்ள எடுத்தப்ப, வா, வந்து எல்லாரோடயும் ஒக்காருன்னுதான் நாங்க கூப்ட்டோம். அதுவா கோயில் கல்லுக்கு முன்னாடி போய் நின்னுச்சு. இனிமே வெளியாளுக்கு அடுப்பு பத்தவைக்க மாட்டேன்னு சொல்லிச்சு. யாரும் அப்பிடி சொல்லச் சொல்லிக் கேக்கல."

"நீங்க ஊரா சேந்து வேணாம்னு சொல்லிடலாமே?"

"நாங்க போட்ட கட்டா இருந்தா நாங்க அவுப்போம். அது தானே போட்டுக்கினத நாங்க எப்பிடி அவுக்குறது?" தழையை ஆட்டுக்குப் போட்டார். "அதோட அக்கா செத்தது ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். கம்சலாக்காவுக்குக் கூடப்பிறந்த ஒரே அக்கா, ரெண்டு வீடு தள்ளி. எங்கள் கோஷ்டிக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார்.

"முள்ளு கெடந்தப்பதான். வயசாகிதான் செத்துச்சு, நோவு கீவு ஒண்ணும் இல்ல. இது வரக்கூடாதில்ல. முள்ளுகிட்ட வந்து நின்னுச்சு. நாங்க சுடுகாட்டுக்கு நேர் வழில போவாம பொணத்த இந்தப் பக்கமா தூக்கிட்டு வந்தோம், மூஞ்சியாவது பாக்கட்டும்னு. எங்களால ஆனது அவ்ளதான்."

நான் நகர்ந்து போய் வேலி ஓரமாக நின்றேன். அழுகை வந்தது. மறைக்கவில்லை. இருபது வருடம் அந்த வீட்டில் தின்றவன். ஒரு சாவுக்கு விசாரிக்கக்கூட நான் இல்லை.

திரும்ப அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம், போளூர் பஸ் மூன்று மணிக்கு.

"கோயில்ல சொன்னத எங்கிட்ட சொல்லலியேக்கா" என்றேன்.

"நீ கேட்டியா?" என்றார். பிறகு, "சாப்ட்டியா?"

"இல்ல."

அக்கா உள்ளே போனார். வரும்போது ஒரு அலுமினியப் பாத்திரம், முறத்தில் சாமை, மடியில் வெங்காயமும் மிளகாயும் உப்பும். எல்லாவற்றையும் பலாமரத்தடியில் பழைய மூன்று கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினார். "நான் பத்தவைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நீ பத்தவைக்கக் கூடாதுன்னு சொல்லல."

எனக்குச் சமைக்கத் தெரியாது. வாணியம்பாடியில் அம்மா, பிறகு மனைவி, ஈப்போவில் சமையல்காரர். கோழி அறுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். தீப்பெட்டி கேட்டேன். "அதையும் நான் குடுக்க மாட்டேன்" என்றார். பெட்டிக்கடை வரை போய் வாங்கி வந்தேன். பத்துக் குச்சியில் பச்சை விறகு புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. அக்கா தூரத்தில் உட்கார்ந்து, புளி தட்டுவதை நிறுத்தாமல், உத்தரவு போட்டார். "சருகு வையி. ஊது. மூஞ்சில ஊதிக்கினா எப்பிடி, கீழ ஊது."

புகையைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எதிர்வீட்டுப் பெண், பிறகு நாலைந்து பேர். கடைசியில் பால் ஊற்றிவிட்டு வந்த ஊர்க்கவுண்டரும் பைக்கை நிறுத்திவிட்டு நின்றார். மூன்று கல்லையும் என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். "கோயில்ல சொன்னதுக்கு இது சரியாதான் கீது" என்றார். அதற்குப் பிறகு எல்லாரும் தாராளமாக வேலியில் சாய்ந்துகொண்டார்கள். ஒருத்தர் தண்ணீர் அதிகம் என்றார். இன்னொருத்தர் போதாது என்றார். சாமையைக் கல் அரித்தேனா என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டார். அரிக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நடுவில் தனசேகர் மறுபடி போன் செய்தான். "இன்னா பாய், சாப்பாடு ஓக்கேவா?"

"அடுப்பு மூட்டத் தெரிஞ்சவங்க மட்டும் வரலாம்னு விளம்பரம் போடு" என்றேன்.

"இன்னா ஒளர்ற?"

"ஒளரல. வர்றவன் அவனே ஆக்கித் தின்னணும். அக்கா ஒக்காந்து சொல்லிக் குடுக்கும். ஒத்துக்கிறவன் வரட்டும்."

வேலியோரம் சிரிப்பு கிளம்பியது. "ஏரோப்ளேன்ல வர்ற ஜனம் பொக ஊதுமா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டார். "ஊதறதுக்குன்னே வருவாங்க" என்றார் ஊர்க்கவுண்டர். அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி புளியைத் தட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சோறு என்று சொல்ல முடியாது. மேலே கஞ்சி, நடுவில் களி, அடியில் கரி. வெங்காயமும் மிளகாயும் வதங்கி ஏதோ ஒன்றாக ஆகியிருந்தது. அக்காவின் தட்டைக் கழுவி, கரி படாத நடுப்பகுதியாகப் பார்த்து எடுத்துப் போட்டு, அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். வைத்த பிறகு என்னால் நிமிர முடியவில்லை.

"அக்கா, போன் பண்ணாம இருந்துட்டேன். ஒங்க அக்கா செத்தது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். என்ன மன்னிச்சிரு."

அக்கா ஒரு வாய் எடுத்தார். மெதுவாக மென்றார்.

"நோவு நீ கொண்டாந்தது இல்ல பாய். அது ஊரு ஒலகம் பூரா வந்துச்சு. ஆனா அன்னிக்கி முள்ளுகிட்ட நிக்கிறப்ப கைல போன வெச்சிக்கினுதான் நின்னேன். நீ கூப்புடுவேன்னு."

அக்கா தட்டில் இருந்ததைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."